சுமை காவுவோரும் பொழுதின் எல்லையும்
கல்முனைக் கரையோரத்தை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாறு பெரும்பாலும் அரசர்தம் ஆட்சியையும், அவர் செய்த போரையும், எடுப்பித்த கோயிலையும் குளத்தையும் பற்றியதாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உழுதோர் வரலாறு ஓரளவு எழுதப்பட்டது. விளைந்த பொருளை விளையாத இடத்துக்குக் காவிச் சென்றோர் வரலாறோ மிக அருகியே எழுதப்பட்டது. உப்பு கடற்கரையில் விளைகின்றது. அதனை உண்போன் மலைநாட்டில் வாழ்கின்றான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை நடந்து கடந்தவன் எத்தனை நாழிகை நடந்தான், எங்கே சுமையை இறக்கினான், வழியில் மாடு வீழ்ந்தால் அந்நட்டம் யாரைச் சார்ந்தது என்னும் வினாக்களை ஏடுகள் எழுப்பவில்லை. இன்று கைத்தொலைபேசிச் செயலியின் ஏவலால் உணவும் பொதியும் சுமந்து மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞரைப் பற்றி உலகெங்கும் எழுந்துள்ள வழக்கு, உண்மையில் இவ்வினாக்களின் தொடர்ச்சியேயாகும். காவுதொழில் செய்வோரின் வேலைநாள் எவ்வாறு நீள்கின்றது, முன்பு எவற்றால் அஃது எல்லைப்படுத்தப்பட்டது, அவ்வெல்லை இன்று ஏன் அழிந்தது என்பனவற்றைக் கல்முனைக் கரையோரத்தின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்குக் காவுதொழில் புதியதன்று. சங்க நூல்கள் உப்பு வண்டி செலுத்திய உமணரைப் பலவிடத்தும் குறிக்கின்றன. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், வண்டியின் அச்சு வழியில் முறியக்கூடுமென எண்ணி உமணர் வேறோர் அச்சினை அடியிற் கட்டிச் செல்வதை எடுத்துக்காட்டி, மன்னனை அதற்கு ஒப்பிடுகின்றார். அதற்குச் சேமவச்சு என்று பெயர். இச்சிறு செய்தியில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. காவுதொழிலில் இடர் உறுதி. அது வரும் நாள் மட்டுமே உறுதியற்றது. ஆதலின் அத்தொழிலின் வரலாற்றைக் கற்போர் கேட்கவேண்டிய முதல் வினா, சேமவச்சினை யார் செலவிற் கட்டுவது என்பதாகும். இரண்டாவது வினா, காவுவோனின் பொழுது யாருடையது என்பதாகும். பிற்காலத்து மாற்றங்கள் யாவற்றையும் இவ்விரு வினாக்களையுங் கொண்டே அளந்தறியலாம்.

மட்டக்களப்பு வாவியின் தெற்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் நெல்வயலும் அணைந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுட் காரைதீவு, விபுலாநந்த அடிகள் 1892இற் பிறந்த ஊராகத் தமிழுலகம் முழுதும் அறியப்பட்டது. ஏனையவற்றிற் பல தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள். கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று எனப் பழைய ஆட்சிப் பிரிவுகளாற் பெயர்பெற்ற இந்நிலம், 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் சுமார் 4,000 பேரைக் கண்டியரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்கூறும் செய்தி. அவர்க்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். நெல்வேளாண்மையும் மீன்பிடியும் நெசவும் அவர்தம் தொழில்கள். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது தவளத் தொழில்.

தவளம் என்பது பொதிமாட்டு வரிசை. முதுகின் இருபுறமும் பொதி தொங்கவிடப்பட்ட மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவழியே செல்லும். கரையோரத்தினின்றும் உப்பும் கருவாடும் துணியும் உள்நாட்டுக்குச் சென்றன. பாக்கும் தேன்மெழுகும் பிறவும் திரும்பி வந்தன. மலைநாட்டுக் கண்டி அரசு உப்பின் பொருட்டுக் கடற்கரையை நம்பியே வாழ்ந்தது. 1766இல் இலங்கைக் கரையோரம் முழுதும் ஒப்பந்தத்தால் ஒல்லாந்தர் வசமானபோது இத்தங்கிவாழ்வு கண்டிக்குப் பெரும் நெருக்கடியாயிற்று. கண்டியரசிற் பொதிமாட்டுப் போக்குவரத்து மடிகே பத்த என்னும் தனித் திணைக்களத்தின் கீழ் நடைபெற்றது. கண்டி நாட்டு முஸ்லிம்கள் பலர் அதன்வழி அரசுக்கு ஊழியஞ் செய்தனர். பிரித்தானியர் 1817இல் வெல்லஸ்ஸைப் பகுதியின் மடிகே முகாந்திரமாக ஒரு முஸ்லிமை நியமித்தமை, அவ்வாண்டு எழுந்த ஊவாக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. காவுதொழில் அரசியலின் புறத்தே நின்ற சிறு தொழிலன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

தவளக்காரனின் வேலைநாள் எவ்வாறு அமைந்தது? அவன் வாழ்வு எளிதாயிருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. காட்டுவிலங்கும் காய்ச்சலும் வெள்ளமும் அவன் வழியில் இருந்தன. மாடு இறப்பின் நட்டம் அவனதே. சேமவச்சினை அவனே கட்டினான். ஆயினும் அவன் நாளுக்கு மூன்று எல்லைகள் இருந்தன. மாட்டின் வலிமை முதலாவது. மாடு களைத்தபின் மனிதன் எத்துணை விரும்பினும் பொதி நகராது. இருள் இரண்டாவது. வடகீழ்ப் பருவமழை மூன்றாவது. ஆறு பெருகி வழி மூடிய திங்களில் தவளம் ஊரிலேயே தங்கிற்று. மேலும் அவன் தன் பொருளைத் தானே விற்கும் வணிகனாயிருந்தான். எப்பொழுது புறப்படுவது, எங்கே தங்குவது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பனவற்றை அவன் துணிந்தான். நட்டம் அவனைச் சார்ந்தது. அதற்கு ஈடாகப் பொழுதும் விலையும் அவன் கையில் இருந்தன.

கூலிக்குச் சுமை காவியோர்க்கு இவ்வுரிமை இருந்ததில்லை. அவர்பொருட்டுச் சமுதாயம் வேறொன்றைச் செய்தது. தமிழர் வாழிடங்களில் வழியோரத்தே அமைந்த சுமைதாங்கிக் கல்லும், அதனையடுத்த கேணியும், ஆவுரோஞ்சிக் கல்லும், திண்ணை மடமும் அவ்வேற்பாட்டின் எச்சங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தெருக்களில் அவற்றை இன்றுங் காணலாம். சுமைதாங்கியின் உயரம் தோளுயரமாயிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. தலைச்சுமையைத் தனியே இறக்கியவன் தனியே ஏற்றமுடியாது. பிறர் உதவி வேண்டும். அவ்வுதவியைக் கல் செய்தது. நெடுவழி செல்வோன் இடையிடையே ஓய்தல் அவன் தனியுரிமை மட்டுமன்று, அவ்வழியில் வாழும் ஊரவரின் கடமையுமாம் என்னும் கருத்து அக்கல்லில் உறைந்து கிடக்கின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை ஒழிந்தது. தெருக்கள் திறக்கப்பட்டன, பொதிமாட்டின் இடத்தை மாட்டுக்கரத்தை கொண்டது. வண்டியின் சொந்தக்காரனும் அதனைச் செலுத்துவோனும் பலவிடத்து வேறுவேறு ஆட்களாயினர். அந்நிலையிற் கூலி நடைக்கு இவ்வளவு என்றாயிற்று. இலங்கைத் தொழிலாளர் கூட்டுச் செயலின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று வண்டிக்காரரைச் சார்ந்தது என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1906இற் கொழும்பு வண்டிக்காரர் நகரசபை விதியொன்றை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிக் குமாரி ஜயவர்த்தன எழுதி 1972இல் வெளிவந்த நூல் அதற்குத் தக்க இடமளிக்கின்றது. காவுவோர் நின்றால் நகரம் நிற்கும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இருப்புப்பாதை 1928இல் மட்டக்களப்பை அடைந்தது. அதற்குத் தெற்கே அஃது இன்றுவரை நீளவில்லை. ஆகவே கல்முனைக் கரையோரத்தின் நெல்லும் அரிசியும் மீனும் துணியும் தெருவழியாகவே செல்லவேண்டியவாயின. கரத்தைக்குப் பின் லொறி வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் விளைநிலத்தைப் பெருக்கவே சுமையும் பெருகிற்று. இரவெல்லாம் லொறி செலுத்தி விடியுமுன் கொழும்புச் சந்தையை அடைதல் இக்கரையோரத்து இளைஞர் பலர்க்குத் தொழிலாயிற்று. மோட்டார் பொறிக்கு மாட்டைப்போலக் களைப்பில்லை. மின்விளக்கு இருளின் எல்லையை நீக்கிற்று. இயற்கை இட்ட வேலிகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. எஞ்சியது மனிதனின் உடல் ஒன்றே.

அளவுக்கூலி வேலைநாளை எவ்வாறு நீட்டுகின்றது என்பதற்கு மருதமுனைக் கைத்தறி மற்றோர் எடுத்துக்காட்டு. சாரமும் சேலையும் நெய்வதிற் பெயர்பெற்ற அவ்வூரிற் கூலிக்கு நெய்தவன் நெய்த துணிக்கே கூலி பெற்றான். நூல் வரும்வரை காத்திருந்த நாளுக்குக் கூலியில்லை. பாவு தோயும் நேரத்துக்கும் கூலியில்லை. நூல் வந்தபின் இழந்த நாளை ஈடுசெய்ய இரவிலும் தறி ஒலித்தது. மனைவியும் மக்களும் கைகொடுத்தனர். அவனை ஒருவரும் சவுக்கால் அடித்து வேலைவாங்கவில்லை. கூலியின் அளவுமுறையே மேற்பார்வையாளனாக அமைந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தால் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது தறிகள் பல ஓய்ந்தன. அளவுக்கூலி முறை மட்டும் ஓயவில்லை.

பொழுதுக்குச் சட்டத்தால் எல்லை வகுக்கும் முயற்சி, காத்திருப்பு நேரத்தைப் பற்றிய வழக்கிலிருந்தே பெரும்பாலும் தொடங்கியது. இலண்டன் துறைமுகத் தொழிலாளர் 1889இற் செய்த வேலைநிறுத்தத்திற் கேட்டவை இரண்டு: மணிக்கு ஆறு பென்ஸ் கூலி, ஒருமுறை வேலைக்கெடுத்தால் குறைந்தது நான்கு மணிநேரக் கூலி. கப்பல் வருமோ வாராதோ என வாயிலில் நின்ற நேரம் யாருடையது என்னும் வினாவே இரண்டாங் கோரிக்கையின் உட்பொருள். சர்வதேசத் தொழில் தாபனம் 1919இல் இயற்றிய முதல் உடன்படிக்கை கைத்தொழிலில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. சென்னையிற் சிங்காரவேலர் 1923இல் மேதினம் கொண்டாடியபோது அவ்வெட்டு மணி என்னும் கோரிக்கை தமிழ்நாட்டிலும் கால்கொண்டது.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் நேரும் விபத்தின் பொறுப்பைத் தொழில்கொள்வோன் மேற் சாட்டிற்று. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் மோட்டார்ப் போக்குவரத்து உட்படப் பல தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் அமைந்தன. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வகுத்து, மேலதிக வேலையை வாரத்துக்கு 12 மணிக்கு மேற்படாவாறு தடுத்து, அதற்கு ஒன்றரை மடங்கு கூலியும் விதித்தது. 1958இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. உமணர் வண்டியடியிற் கட்டிய சேமவச்சினையும் ஊரவர் வழியில் நாட்டிய சுமைதாங்கியையும் இக்காலத்துச் சட்டமொழியிற் பெயர்த்தெழுதினால் இவையே கிடைக்கும். ஒன்று இடரைப் பகிர்ந்தது. மற்றொன்று ஓய்வைக் கட்டாயமாக்கிற்று.

ஆயின் இச்சட்டங்கள் யாவும் ஒரு தூணின்மேல் நிற்பன. தொழில்கொள்வோன் ஒருவன், ஊழியன் ஒருவன், இருவர்க்குமிடையே வேலை ஒப்பந்தம் என்பதே அத்தூண். அதனை அகற்றினால் மேற்கட்டு முழுதும் சரியும். கல்முனைக் கடைத்தெருவிற் கடையினுள் நிற்கும் விற்பனையாளனுக்கு இச்சட்டம் நிழலளிக்கும். அதே கடையின் பொருளைத் தன் சைக்கிளில் ஏற்றி வீடுதோறும் கொடுத்துப் பொதிக்கு இவ்வளவு என வாங்குபவன் பெரும்பாலும் அந்நிழலின் புறத்தே நின்றான். அவன் தொகை சிறிதாயிருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

1970களின் பிற்பகுதி தொட்டு இக்கரையோரத்து மக்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லலாயினர். உள்நாட்டுப் போர் வயலுக்கும் கடலுக்குஞ் செல்லும் வழிகளை அடைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகள் பேரழிவுற்றன. படகும் தறியும் கடையும் இழந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை வேறு தொழில் தேடிற்று. 2009இற் போர் முடிந்தபின் லீசிங் தவணையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெறுதல் எளிதாயிற்று. தவணை மாதந்தோறும் வரும். வருமானம் அவ்வாறு வருமென்னும் உறுதியில்லை. இச்சூழலிலேதான் செயலிவழித் தொழில் இலங்கையிற் புகுந்தது. பிக்மீ 2015இல் தொடங்கிற்று. யூபர் அவ்வாண்டின் இறுதியில் வந்தது. சில ஆண்டுகளில் உணவு விநியோகமும் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கில் ஏனையோர் வீட்டில் அடைபட்டிருக்க, தெருவில் இயங்கியோருள் விநியோக ஊழியரும் இருந்தனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் எனப் பெற்றோல் முதலிற் பங்கிடப்பட்டது. அவ்வரிசையில் நின்ற பொழுதுக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை.

இத்தொழிலின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். விநியோகஞ் செய்வோன் ஊழியன் எனப்படுவதில்லை, பங்காளன் எனப்படுகின்றான். வாகனம், எரிபொருள், கைத்தொலைபேசி, இணையக் கட்டணம், பழுதுபார்ப்பு யாவும் அவன் செலவு. செயலியைத் திறந்தபின் ஓடர் எனப்படும் கட்டளை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். உணவகத்தில் உணவு ஆயத்தமாகும்வரை மீண்டும் காத்திருத்தல் வேண்டும். கூலி கொண்டுபோய்க் கொடுத்த ஓட்டத்துக்கே உரியது. குறித்த தொகை ஓட்டங்களை முடித்தால் ஊக்கத்தொகை என்னும் ஆசை முன்னே நிற்கும். கட்டளையை மறுத்தால் அடுத்த வாய்ப்புக் குறையுமோ என்னும் அச்சம் பின்னே நிற்கும். வாடிக்கையாளர் இடும் நட்சத்திரம் அவன் நாளைய வேலையைத் தீர்மானிக்கக்கூடும். கட்டணத்தை அவன் விதிப்பதில்லை. வழியைச் செயலி காட்டுகின்றது. நேரத்தைச் செயலி எண்ணுகின்றது. தவளக்காரனோடு இவனை ஒப்பிடின் மாற்றம் தெளிவாகும். தவளக்காரன் நட்டத்தை ஏற்றான். பொழுதும் விலையும் அவனுடையனவாயிருந்தன. கூலியாள் பொழுதை இழந்தான். நட்டத்தை முதலாளி ஏற்றான். இவனோ வணிகனுக்குரிய நட்டத்தையும் கூலியாளுக்குரிய கீழ்ப்படிதலையும் ஒருங்கே சுமக்கின்றான். வேலைநாள் நீள்வதன் மூலகாரணம் இதுவேயன்றி அவ்விளைஞரின் பேராசையன்று.

இதனைக் கணக்கினாற் காட்டலாம். டுபாயில் டெலிவரூ நிறுவனம் 2022இல் ஓட்டமொன்றின் கூலியை 10.25 திர்கத்திலிருந்து 8.75 ஆகக் குறைக்கவும், நாளொன்றின் வேலைநேரத்தை 14 மணிவரை நீட்டவும் முற்பட்டது. தென்னாசிய நாட்டவர் பலரைக் கொண்ட விநியோகத் தொழிலாளர் அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் வேலைக்குச் செல்லாது நின்றனர். வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் இடங்கொடாத நாட்டில் நிகழ்ந்த அந்நிகழ்ச்சியின் பின் நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டது. குறைப்பு நடந்திருப்பின் விளைவு யாது? நாளுக்கு 20 ஓட்டம் ஓடுபவன் பழைய வீதத்தில் 205 திர்கம் பெறுவான். புதிய வீதத்தில் அத்தொகையைப் பெற 24 ஓட்டம் வேண்டும். மணிக்கு இரண்டு ஓட்டம் கிடைக்குமாயின் 10 மணி வேலைநாள் 12 மணியாகும். இவ்விரண்டு மணிநேரத்தையும் எவரும் ஆணையிட்டு நீட்டவில்லை. கூலி வீதமே நீட்டுகின்றது. கல்முனைக் கரையோரத்திலிருந்து வளைகுடாவுக்குச் சென்ற குடும்பங்களுக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. கோடைக்காலத்து நண்பகலில் மோட்டார் சைக்கிள் விநியோகத்தைக் கட்டார் அரசு 2022இல் தடைசெய்தமை, இயற்கையின் எல்லையைச் சட்டம் மீட்டுத்தந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

நீண்ட வேலைநாளின் தீங்கு களைப்போடு முடிவதன்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்தமையாற் பக்கவாதத்தினாலும் இதயநோயினாலும் 2016இல் உலகில் 745,000 பேர் இறந்தனர். 35 முதல் 40 மணிவரை வேலை செய்வோரை நோக்க, அவ்வாறு நீடித்து உழைப்போர்க்குப் பக்கவாத இடர் 35 வீதம் கூடியது. இலங்கையின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் மேலதிக வேலை உட்பட அனுமதித்த உச்ச அளவு 57 மணி. நாளுக்கு 10 மணி வீதம் ஆறு நாள் தெருவில் நிற்பவன் இரண்டு எல்லைகளையும் கடந்துவிடுகின்றான். இவற்றோடு தெருவிபத்தின் இடரும் சேரும். களைத்த கண்ணும் எண்ணப்படும் நிமிடமும் ஒன்றுசேர்தல் ஆபத்தானது. நோன்புக்காலத்தில் இவ்வழுத்தம் தனிவடிவம் பெறும். நோன்பு துறக்கும் வேளையை அடுத்தே உணவுக் கட்டளைகள் குவியும். பிறர் நோன்பு துறத்தற்குரிய உணவைக் காவிச்செல்லும் நோன்பாளி தன் நோன்பைத் தெருவோரத்து ஒரு மிடறு நீரோடு துறக்க நேரும். வெள்ளிக்கிழமை நண்பகல் கடை மூடித் தொழுகைக்குச் செல்லும் வழக்கமுடைய ஊர்களில், பொழுதை நிறுத்தி வைக்கும் உரிமையின் பெறுமதி எல்லார்க்கும் விளங்கும்.

இதற்கு மறுதலையாகக் கூறப்படுவனவும் உண்டு. விரும்பியபோது வேலை செய்யலாம். விரும்பாதபோது செயலியை மூடலாம். படித்து வேலையற்றிருப்போர்க்கு இஃது உடனடி வருமானம். முதலாளியின் சுடுசொல் இல்லை என்பர். இவற்றில் உண்மை உண்டு. மாலையில் இரண்டு மணிநேரம் ஓடிப் படிப்புச் செலவைத் தேடும் மாணவனுக்கு இச்சுதந்திரம் மெய்யானது. ஆயின் லீசிங் தவணையும் குடும்பமும் இதனையே நம்பியிருக்கும்போது செயலியை மூடும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. மருதமுனை நெசவாளனுக்கும் தறியை நிறுத்தும் உரிமை இருந்தது. அவன் அதனைப் பயன்படுத்தினானல்லன். ஓர் ஏற்பாட்டின் தன்மையை அதனைச் சிறிதே நாடுவோரைக் கொண்டு அளத்தலினும், முற்றாக நம்பி வாழ்வோரைக் கொண்டு அளத்தலே முறை.

பிற நாடுகள் இவ்வழக்கைத் தீர்க்க முயன்ற நெறிகள் இரண்டு. பெயரை விலக்கி உறவின் மெய்ந்நிலையை நோக்குதல் ஒன்று. ஐக்கிய இராச்சியத்தின் உயர்நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் யூபர் சாரதிகளைத் தொழிலாளர் எனக் கொண்டதோடு, தமக்குரிய பிரதேசத்திற் செயலியைத் திறந்து ஓட்டத்தை ஏற்க ஆயத்தமாய் நின்ற நேரமும் வேலைநேரமே எனத் தீர்த்தது. 1889இல் இலண்டன் துறைமுக வாயிலில் எழுந்த வினாவுக்கு நூற்றுமுப்பது ஆண்டுகளின் பின் கிடைத்த விடை இது. ஆயின் அந்நீதிமன்றமே 2023 நவம்பரில், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமையுடைமையால் டெலிவரூ விநியோகத்தாரைக் கூட்டுப் பேரத்துக்குரிய தொழிலாளராகக் கொள்ளவியலாது எனக் கூறிற்று. நீதிமன்றத்தை மட்டும் நம்புதல் போதாது என்பதை இவ்விரு தீர்ப்புகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

மற்றொரு நெறி, பெயர் யாதாயினும் இடரைப் பகிர்தல். மகாராட்டிர அரசு 1969இல் இயற்றிய மாதாடித் தொழிலாளர் சட்டம் இதற்கு முன்னோடி. மாதாடி என்போர் பல வணிகரிடம் மாறிமாறிச் சுமை காவுவோர். இவர்க்கு நிலையான முதலாளி இல்லை என்னும் வாதத்தை அச்சட்டம் ஒரு வாரியத்தை அமைத்து வென்றது. பொருளுடையோர் கூலியோடு ஒரு தீர்வையையும் வாரியத்துக்குச் செலுத்துவர். அதிலிருந்து சேமநிதியும் பிற பயன்களும் வழங்கப்படும். இராசத்தானம் 2023இலும் கருநாடகம் 2025இலும் செயலித் தொழிலாளர்க்கென இயற்றிய சட்டங்கள், ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறு கட்டணம் எடுத்து நலநிதி அமைக்கும் அதே நெறியைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடு 2023இல் இவர்க்கென நலவாரியம் அமைத்தது. சிங்கப்பூரில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் விபத்து நட்டஈட்டையும் சேமநிதியையும் இவர்க்கு விரித்தது. இந்தியாவில் மட்டும் 2020–21இல் 77 இலட்சம் பேர் இவ்வகைத் தொழிலில் இருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டது. அத்துணைப் பெருந்தொகையினரைச் சட்டத்தின் புறத்தே நிறுத்தி வைத்தல் இயலாதென்பதை அரசுகள் உணரத் தொடங்கியுள்ளன.

இலங்கைக்கு இவ்வரலாறு கற்பிப்பது யாது? நம் சட்டநூலிற் சேமலாப நிதியும் விபத்து நட்டஈடும் வேலைநேர வரையறையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியனவல்ல. அவை உள்ளன, அவற்றின் வாயில் மட்டும் ஒடுங்கியது. காத்திருப்பு நேரத்தை வேலைநேரமாக எண்ணுதல், ஒவ்வோர் ஓட்டத்திலும் சேமவச்சின் பங்கினைச் செயலி நடத்துவோரும் ஏற்றல், இடைவிடாது ஓடக்கூடிய மணிநேரத்துக்கு உச்சவரம்பு விதித்தல் ஆகிய மூன்றும் அவ்வாயிலை விரிக்கும். உச்சவரம்பு மட்டும் விதித்துக் கூலி வீதத்தைக் கவனியாது விடின், அது தொழிலாளியின் வருமானத்தைக் குறைக்கும் தண்டனையாகவே முடியும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நகரசபைகள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சென்னை மாநகராட்சி 2025இல் விநியோக ஊழியர்க்கெனக் குளிரூட்டிய ஓய்விடங்களை அமைத்தது. நிழலும் நீரும் கழிப்பிடமும் உள்ள சிறு கூடம் ஒன்று கல்முனைக் கடைத்தெருவிலோ யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தின் அருகிலோ அமைதல் பெருஞ்செலவினதன்று. கட்டளையிடுவோர்க்கும் பங்குண்டு. ஐந்து நிமிடத் தாமதத்துக்காக இடப்படும் குறைந்த நட்சத்திரம் ஒருவன் அடுத்த நாள் வேலையைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கற்றோரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக ஆவணம் பற்றிய ஒரு கருத்து. தவளக்காரன் தன் நடையை எழுதிவைக்கவில்லை. அவன் உழைத்த நாழிகை இன்று எவர்க்குந் தெரியாது. இன்றைய விநியோகத்தானின் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகின்றது: எங்கே நின்றான், எவ்வளவு காத்திருந்தான், எத்துணை வேகத்திற் சென்றான் என்பன யாவும் கணினியில் உள. ஆயின் அவ்வேடு அவன் கையில் இல்லை. அவன் கூலியைக் கணிக்கும் விதியும் அவனுக்குக் காட்டப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற பணிப்புரை, தொழிலாளரை ஆளும் கணினி விதிகளை அவர்க்கு வெளிப்படுத்த வேண்டுமென வகுத்துள்ளது. பொழுதின்மேல் உரிமை கோருவோன் முதலில் தன் பொழுதின் கணக்கைப் பெறல் வேண்டும். அக்கணக்கு வெளிப்படும்வரை, மாணவரும் ஆசிரியரும் தத்தம் ஊரிற் காவுதொழில் செய்வோரிடம் கேட்டு, காத்திருந்த மணி இத்தனை, ஓடிய மணி இத்தனை, கைக்கு எஞ்சியது இவ்வளவு என எழுதிவைத்தல், வரலாற்றுக்கும் நீதிக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.